கடை இல்லாத கிழமை

ஆகஸ்ட் 9, சனி

வெயில், ஆனால் சூரியன் தெரியவில்லை. வடக்கே எங்கோ காடு எரிகிறதாம். புகை இங்கே வரை. வானம் பால் குறைந்த தேநீர் நிறம். ஏரிக்கரை முகாமின் வாசலில் சிவப்புப் பலகை: நெருப்பு மூட்டத் தடை.

காலை ஏழு மணிக்கு வோபர்னில் எங்கள் வீட்டில் இருந்து புறப்பட்டோம். அஜக்ஸில் பெரியம்மா வீட்டு வாசலில் முக்கால் மணி நேரம் காத்திருப்பு. காரணம், அபியின் தலைமுடி காயவில்லை. ஒஷாவா வரை 401 நெடுஞ்சாலை ஊர்ந்தது. அப்பா முன்னால் நின்ற லொறியைத் திட்டினார். அபியைத் திட்டவில்லை. அபியை ஒருவரும் திட்டுவதில்லை.

இது என் தமிழ் வகுப்புக் கொப்பி. பின்பக்கத்தில் இருந்து எழுதுகிறேன். அபிக்குத் தமிழ் வாசிக்க ஒரு எழுத்தும் தெரியாது. ஆகவே தமிழில் எழுதினால் பூட்டுப் போட்ட மாதிரி. அம்மாவால் வாசிக்க முடியும், ஆனால் அம்மா வெளியே கூடாரத்தில்.

யார் எங்கே:
பெரிய கட்டில் – பெரியம்மா, பெரியப்பா. (ட்ரெய்லர், அதாவது காருக்குப் பின்னால் இழுத்துவரும் இந்தச் சில்லு வீடு, அவர்களுடையது. இந்த வசந்தத்தில் வாங்கியது. உள்ளே இன்னும் புதுச் சப்பாத்து வாசம்.)
கீழ்த்தட்டு – அபி. ஜன்னலும் சார்ஜரும் அவளுக்கு.
மேல்தட்டு – நான். நிமிர்ந்தால் கூரை மூக்கில் இடிக்கும்.
கூடாரம் – அம்மா, அப்பா.

அபி என்னைவிட இரண்டே இரண்டு மாதம் மூத்தவள். அந்த இரண்டு மாதத்துக்காக அவள் போட்டுக் கழித்த ஜக்கெற், அவள் ஓடிக் கழித்த சைக்கிள், அவள் ஆடாமல் விட்ட சலங்கை எல்லாம் எனக்கு. இந்த ஃபோனும். மூலையில் வெடிப்பு. இன்றைக்கும் எங்கேயாவது வைஃபை போட்டால் "அபியின் ஃபோன்" என்றுதான் காட்டுகிறது. மாற்றத் தெரியும். மாற்றவில்லை. ஏன் என்று தெரியாது.

வழி முழுக்க செப்ரெம்பர் 6 பற்றிய பேச்சு. அன்றைக்கு அபியின் சாமத்தியவீடு. அவள் பெரிய பிள்ளையாகி இரண்டு வருடம், ஆனால் பெரியம்மாவுக்குப் பிடித்த கல்யாண ஹோல் இப்போதுதான் கிடைத்ததாம். சென்னையில் இருந்து மூன்று சோடி உடுப்பு. வெள்ளைக் குதிரை வண்டி. ஆறு அடுக்குக் கேக். முன்னால் தட்டுத் தூக்கிக்கொண்டு ஒன்பது பிள்ளைகள். நான் ஏழாவது. எனக்கு வாழைப்பழத் தட்டு.

பெரியம்மா தன் சாமத்தியவீட்டுப் படத்தை ஃபோனில் காட்டினார். நிறம் போன படம். அதே மாதிரி அபிக்கும் தலை பின்ன வேண்டுமாம். அவர்கள் வீட்டு வரவேற்பறையிலும் அந்தப் படம்தான் தொங்குகிறது. நடுவில் பெரியம்மா, ராணி மாதிரி. வலது விளிம்பில் யாரோ தோழிப் பிள்ளையின் ஒரு தோள், அரை மாலை. ஏழாவது தட்டாக இருக்கும்.

பின்னேரம் சமைக்கத் தொடங்கினால் உப்பு இல்லை. யார் என்ன கொண்டுவருவது என்று வாட்ஸப்பில் பட்டியல் போட்டிருந்தோம். கடைசி வரி "மற்றச் சாமான்கள்". பெரியம்மா அது அம்மாவின் பொறுப்பு என்று நினைத்தார், அம்மா அது பெரியம்மாவுடையது என்று நினைத்தார். விளைவு: புட்டுக்குழல் இரண்டு, சோற்றுச் சட்டி மூன்று, உப்பு ஒரு கல்லும் இல்லை. இங்கே கடை கிடையாது. காரில் இருபத்தைந்து நிமிடம்.

பக்கத்து ட்ரெய்லரில் டொனா என்று ஒரு வயதான பெண். அம்மா போய்க் கேட்க, அவரே குப்பியோடு வந்து நீட்டினார். பெரியம்மா இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். "விளக்கு வைச்ச பிறகு உப்பைக் கையில வாங்கப்படாது, மேசையில வைக்கச் சொல்லு." அதை ஆங்கிலத்தில் சொல்லும் வேலை எனக்கு. டொனா, தான் ஏதும் பிழை செய்துவிட்டாரா என்று கேட்டார். அபி சிரித்துக்கொண்டே எழும்பிப் போய்விட்டாள்.

சிரிப்பது அவள். விளக்கம் சொல்வது நான்.


ஆகஸ்ட் 10, ஞாயிறு

புகை. தொண்டை கரகரப்பு.

எழுத்து இன்று இப்படித்தான் வரும்.

ஆகிவிட்டேன். இன்று காலை. குளிக்கும் கட்டடத்தில், மூன்றாவது அறையில். முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. பிறகு கதவுப் பூட்டைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன்.

இரண்டு வருடமாக இதைத்தான் கேட்டேன். பிள்ளையாரிடம், பள்ளிக்கூட நேர்ஸிடம், இணையத்தில். எந்த அன்ரி வந்தாலும் அம்மாவிடம் குரலைத் தாழ்த்தி "இன்னும் இல்லையோ?" என்று கேட்பதும், அம்மா "இல்லை" என்று அடுப்பைப் பார்ப்பதும். வகுப்பில் எல்லோருக்கும் வந்துவிட்டது. அபிக்குப் பதினொன்றரை வயதில். எல்லாம் கிடைக்கிறவளுக்கு அதுவும் முதலில். இப்போது எனக்கும் வந்திருக்கிறது, ஒருவருக்கும் சொல்ல முடியாது.

ஏன் என்று எழுதி வைக்கிறேன். சித்திரையில் பெரியம்மா வீட்டில் வெங்காயம் வெட்டும்போது அவர் சொன்னது: "ஜனாவும் ஆகியிருந்தா எவ்வளவு நல்லம். ஒரே ஹோல், ஒரே ஐயர், ஒரே மேடை. ரெண்டையும் இருத்தி முடிச்சிருக்கலாம்." அம்மா ஒரே தட்டை மிக நேரம் கழுவினார்.

இன்னும் நான்கு கிழமை இருக்கிறது. ஒரு சாறி எடுக்க அது போதும். தெரிந்தால் என்னைக் கொண்டுபோய் அபியின் மேடையில், அபியின் கேக்குக்குப் பக்கத்தில், அபியின் குதிரை வண்டியில் மிச்ச இடத்தில் இருத்துவார்கள். வந்தவர்கள் எல்லோரும் அபிக்குப் பரிசு கொண்டுவந்திருப்பார்கள், என்னைக் கண்டதும் காரில் ஏதும் கிடக்கிறதா என்று தேடுவார்கள். படத்தில் விளிம்பு. அவளுடைய பழைய ஜக்கெற் போதும். பழைய மேடையும் வேண்டாம்.

வாஷ்ரூம் சுவரில் காசு போட்டால் பேட் விழும் பெட்டி ஒன்று உண்டு. அதன் வாயில் நாடா ஒட்டி, வேலை செய்யாது என்று எழுதியிருக்கிறது. மை மங்கிவிட்டது, எத்தனை வருடமோ. வாசலுக்குப் போனேன். அங்கே ஒரு கொட்டில். முன்பு கடையாம். கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்தேன்: வெறும் தட்டுகள், ஒரு பழைய விளையாட்டு மெஷின், செத்த ஈக்கள்.

ரொயிலற் பேப்பர்தான். அதைச் சுற்றிச் சுற்றி. நடக்கவே பயம். எல்லோரும் ஏரிக்குப் போனார்கள், வயிற்றுவலி என்றேன். அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

இன்னொன்று. இதுதான் அதிகப் பயம். ட்ரெய்லரில் சீனி டப்பாவுக்கு மேல் ஒரு சின்னப் பிள்ளையார் படம். பெரியம்மா விளக்குக் கொளுத்த என்னைத்தான் கூப்பிட்டார். "நீதான் இன்னும் துடக்கில்லாத பிள்ளை, நீ கொளுத்து." கொளுத்தினேன். வேறு என்ன செய்வது? கற்பூரம் வைத்ததும் கூரையில் இருந்த புகை அலாரம் அலறத் தொடங்கியது. எல்லோரும் சிரித்தார்கள். பெரியப்பா துவாயால் விசிறினார். எனக்கு, பிள்ளையார் என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டார் என்றுதான் தோன்றியது.


ஆகஸ்ட் 11, திங்கள்

எடுத்துவிட்டேன். அபியின் நீலப் பையில் இருந்து. இரண்டு காலையில், இரண்டு மத்தியானம். அவள் ஏரியில் இருந்த நேரம். பையைப் பழைய மாதிரியே மடித்து வைத்தேன். அவள் பைக்குள்ளும் எல்லாம் புதிது, வாசம். என் வாழ்க்கையில் அவளிடம் இருந்து கேட்காமல் வாங்கிய முதல் பொருள். மற்றதெல்லாம் நான் கேட்காமலே வந்தவை.

வயிற்றுவலி உண்மையாகவே.

பின்னேரம் வோல்டர் சைக்கிளில் வந்தார். இந்த இடத்தின் சொந்தக்காரர். ஒவ்வொரு ட்ரெய்லருக்கும் ஒரு தாள். வாசல் கொட்டிலைத் திரும்பவும் கடையாக்கலாமா? ஆம் என்றால் என்ன சாமான் வேண்டும், எழுதுங்கள். வியாழன் மத்தியானத்துக்குள் பெட்டியில் போட வேண்டும். ஒரு ட்ரெய்லருக்கு ஒரு வாக்கு.

இரவுச் சாப்பாடு முழுக்க அதே பேச்சு. பெரியப்பா கடை வேண்டும் என்ற கட்சி. பால், பாண், ஐஸ் வாங்குவதற்கு மனிசன் விடுமுறையிலும் ஸ்டியரிங் பிடிக்க வேண்டுமா என்கிறார். அப்பா எதிர்க்கட்சி.

"அண்ணை, நான் கிழமையில ஆறு நாள் கடையில சாமான் அடுக்கிறன். ஒரு கிழமை கடையைப் பாக்காமல் இருப்பம் எண்டு இஞ்சை வந்தால், இஞ்சையும் கடையோ?"

அதோடு இப்படியான இடத்துக் கடைகளில் எல்லாம் இரட்டிப்பு விலைதான் என்றும் சொன்னார். டொனா தன் கதிரையை இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். முன்பு வோல்டரின் மனைவிதான் அந்தக் கடையை நடத்தினாராம். அவர் போன பிறகு பூட்டியது. பால் வாங்க வந்தவர்கள் அங்கேயே நின்று ஒரு மணி நேரம் கதைப்பார்களாம், இப்போது யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்றே தெரியவில்லையாம்.

பெரியம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. கடை வந்தால் ஒருவரிடம் ஒருவர் எதையும் கேட்கத் தேவையில்லாமல் போய்விடும், அப்படித்தான் சனங்களின் உறவு விட்டுப்போகிறது என்றார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு உப்பு வாங்கியவர்.

அப்போது அம்மா, தட்டுகளை அடுக்கிக்கொண்டே: "கேக்கேலாத சாமானும் இருக்குத்தானே அக்கா."

"உது என்ன சாமான்?"

"இல்லை. பொதுவாச் சொன்னன்."

அம்மா என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்தது தற்செயலா?

மேல்தட்டில் படுத்து யோசித்தேன். பெரியம்மா சொன்னது பிழை. கேட்பது உறவு இல்லை. கேட்டால், ஏன் கேட்கிறாய் என்பதற்கும் பதில் சொல்ல வேண்டும். கடைக்காரர் "எப்ப?" என்று கேட்க மாட்டார். மாமாவுக்குச் சொல்லித் தேங்காய் உடைக்கச் சொல்ல மாட்டார். ஐயருக்கு ஃபோன் எடுக்க மாட்டார். பை வேண்டுமா என்று மட்டும் கேட்பார். இந்தக் காட்டுக்குள் பால் இல்லாமல் ஒரு கிழமை இருக்கலாம். ஐஸ் இல்லாமலும் இருக்கலாம்.

எனக்கு வாக்கு இல்லை.


ஆகஸ்ட் 12, செவ்வாய்

புகை கொஞ்சம் குறைவு. எறும்பு சீனிக்குள்.

பிடிபட்டேன்.

மத்தியானம் படகுத் துறையின் பலகையில் தனியே இருந்தேன். கறுப்புக் காற்சட்டை, மூன்றாவது நாளாக அதே. அபி ஈரத் தலையோடு வந்து பக்கத்தில் நின்றாள்.

"ஏய் ஜனா. என்ர பேட் நீ எடுத்தனியா?"

இல்லை என்றேன்.

"லை பண்ணாத. பன்னெண்டு இருந்தது. இப்ப எட்டு." கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். குரல் இறங்கியது. "நீ ஆகிட்டியா?"

தண்ணீரைப் பார்த்தேன்.

"ஓ மை காட். எப்ப?"

"ஞாயிறு."

இப்போது ஓடுவாள் என்று நினைத்தேன். கத்திக்கொண்டே ட்ரெய்லருக்கு ஓடி, பெரியம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு சொல்வாள். ஆனால் அவள் ஓடவில்லை. பலகையில் தொப்பென்று இருந்தாள்.

"அம்மாவுக்குத் தெரிஞ்சா உன்னையும் மேடையில இருத்துவா."

"தெரியும்."

"நோ. அது என்ர டே. ரெண்டு வருசம் வெயிட் பண்ணினனான்."

எனக்கும் உன்னோடு இருக்க ஆசை இல்லை என்றேன். நாக்கு நடுங்காமல் சொன்னேன், அது எனக்கே ஆச்சரியம். அவள் நம்பவில்லை. எனக்கென்ன, எனக்கு நல்லதுதானே என்றாள். பிறகு அவள் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன், மறக்கக் கூடாது.

"உனக்குத் தமிழ் வடிவா வரும். எல்லா அன்ரிமாரும் உன்னோடதான் கதைப்பினம். என்னைப் பாத்து, பிள்ளைக்குத் தமிழ் வராதோ எண்டுதான் கேப்பினம். ஐயர் சொல்றது உனக்கு விளங்கும். எனக்கு ஆராவது கையைப் பிடிச்சு இப்பிடிச் செய், அப்பிடிச் செய் எண்டோணும். நீ பக்கத்தில இருந்தா நான் டம்மி மாதிரி இருப்பன்."

அபி. என்னைப் பார்த்து. பொறாமை.

எனக்கு உள்ளுக்குள் இனித்தது. வெட்கமாகவும் இருந்தது, ஆனால் இனிப்புத்தான் கூட. வேறு யாரிடமும் இதைச் சொல்ல முடியாது. ஆகவே கொப்பியில்.

ஒப்பந்தம்:
1. அவள் ஒருவருக்கும் சொல்ல மாட்டாள்.
2. நானும் செப்ரெம்பர் 6 முடியும் வரை சொல்ல மாட்டேன். அம்மாவுக்கும்.
3. மிச்சம் எட்டில் பாதி எனக்கு.
4. வாழைப்பழத் தட்டு நான்தான் தூக்க வேண்டும். ஆள் குறைந்தால் பெரியம்மா ஏன் என்று கேட்பார்.

நாலாவதுக்கு மட்டும் சண்டை பிடித்தேன். தோற்றேன்.

ஆனால் பின்னேரம் பெரியம்மா விளக்குக் கொளுத்தக் கூப்பிட்டதும் அபி முன்னால் வந்து நின்றாள். சடங்குக்குப் பழக வேண்டும், இனி தானே கொளுத்துகிறேன் என்றாள். பெரியம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தியா, பிள்ளைக்குப் பொறுப்பு வந்திட்டுது." அம்மாவைப் பார்த்துத்தான் சொன்னார்.

அவள் எனக்காகச் செய்யவில்லை, தெரியும். இருந்தாலும் இன்று நித்திரை வரும்.


ஆகஸ்ட் 13, புதன்

மழை, காலையில் இருந்து. கூடாரத்துக்குள் தண்ணீர். ஆறு பேரும் ட்ரெய்லருக்குள். ஈரத் துவாய், பொரித்த மிளகாய், பெரியப்பாவின் விக்ஸ்.

அபி என் கொப்பியைக் கண்டுவிட்டாள். தலையணைக்குக் கீழ் கை விட்டு எடுத்தாள். பறிக்க முடியவில்லை, சத்தம் போட்டால் எல்லோரும் பார்ப்பார்கள். ஃபோன் கமெராவை எழுத்துக்கு மேல் பிடித்து மொழிபெயர்க்கப் பார்த்தாள். என் கையெழுத்து அதற்குப் பிடிபடவில்லை. சோற்றுச் சட்டி கோபமாக இருக்கிறது என்று ஆங்கிலத்தில் வந்தது. அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை, எனக்கும் வந்துவிட்டது. சின்ன வயதில் இப்படிச் சிரிப்போம். கொப்பியைத் திருப்பித் தந்தாள். தரும்போது, எத்தனை பக்கம் இருக்கிறது என்று விரலால் பிடித்துப் பார்த்தாள்.

மத்தியானம் வோல்டரின் தாள். பெரியப்பா என்னிடம் பேனையைத் தந்தார், என் எழுத்துத்தான் தெளிவாம். கடை வேண்டும் என்பதற்கு நேரே சரி போடச் சொன்னார். அப்பா, தன் எதிர்ப்பைப் பதிவு செய்யுமாறு சபாநாயகரைக் கேட்டார். பதிவு செய்ய இடம் இல்லை என்று பெரியப்பா தீர்ப்பு. ட்ரெய்லர் அவருடையது, வாக்கும் அவருடையது.

பிறகு எல்லோரும் சொல்லச் சொல்ல நான் எழுதியது: உப்பு. பால். பாண். ஐஸ். காஸ் சிலிண்டர். பற்றரி. நுளம்பு மருந்து. முட்டை. இங்கே இஞ்சி வருமா என்று பெரியம்மா, வராது என்று அப்பா, எழுதி வைத்தால் என்ன குறையும் என்று பெரியம்மா. இஞ்சி.

எல்லோரும் தேநீருக்கு எழும்பினார்கள். தாள் என் முன்னால். பேனை கையில். இஞ்சிக்குக் கீழே ஒரு வரி இடம் இருந்தது.

எழுதினேன். சின்ன எழுத்தில், ஆங்கிலத்தில், ஒரே ஒரு சொல். உடனே நாலாக மடித்துச் சீனி டப்பாவுக்குக் கீழே வைத்துவிட்டேன். நாளை பெட்டிக்குள் போய்விடும். வோல்டருக்கு யார் எழுதியது என்று தெரியாது. அடுத்த வருடம் யாரோ ஒரு பிள்ளை மூன்றாவது அறையில் பூட்டைச் சரிபார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது.

இப்போது பயமாக இருக்கிறது. இறங்கி எடுத்து வெட்டிவிடலாமா? பெரியம்மாவின் கட்டில் டப்பாவில் இருந்து இரண்டு அடி. அவர் இருமுகிறார்.

நாளை காலையில் முதல் ஆளாக நானே கொண்டுபோய்ப் போட வேண்டும்.


ஆகஸ்ட் 14, வியாழன்

வானம் கழுவின மாதிரி. முதல் நாளாக நீலம்.

முதல் ஆளாக எழும்பவில்லை. நித்திரையாகிவிட்டேன். எழும்பியபோது எல்லோரும் வெளியே மேசையில். பெரியம்மாவின் கையில் தாள்.

பச்சை மிளகாய் எழுத மறந்துவிட்டதாம். மடிப்பைப் பிரித்தார். கண்ணாடி போடாமல் தூரத்தில் பிடித்தார், கிட்டப் பிடித்தார். பிறகு அம்மாவிடம் நீட்டினார். "என்னென்ன இருக்கெண்டு வாசி பாப்பம்."

நான் ட்ரெய்லர்ப் படியில். அபி மேசையின் மற்றப் பக்கத்தில், வாயில் பாண். அவளுக்கு நான் எழுதியது தெரியாது. என் முகத்தைப் பார்த்ததும் ஏதோ விளங்கி, மெல்லுவதை நிறுத்தினாள்.

அம்மா வாசித்தார். உப்பு, பால், பாண், ஐஸ். ஒவ்வொன்றுக்கும் பெரியம்மா தலையாட்டினார். காஸ், பற்றரி, நுளம்பு மருந்து, முட்டை, இஞ்சி.

நிறுத்தினார்.

எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. ஒரு மரங்கொத்தி எங்கோ கொத்தியது, அதை எண்ணினேன், ஏழு.

"பிறகு?" என்றார் பெரியம்மா.

"அவ்வளவுதான். மிளகாயை நான் எழுதிவிடுறன்." பேனையை வாங்கி எழுதி, அதே மடிப்பில் மடித்தார். கையோடு எடுத்துக்கொண்டு நடந்து போய்ப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தார். என்னைப் பார்க்கவே இல்லை. வந்து அப்பாவிடம் கார்த் திறப்பைக் கேட்டார்.

அம்மா தெரியாத ரோட்டில் கார் ஓட்டவே பயப்படுவார். அப்பா எழும்பினார். வேண்டாம், பச்சை மிளகாய்தானே, நானும் பிள்ளையும் போட்டு வாறம் என்றார் அம்மா.

பத்து நிமிட ஓட்டம். சோளத் தோட்டங்கள். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார்.

"எப்ப?"

"ஞாயிறு காலமை."

"நாலு நாள். என்னத்தை வைச்சுச் சமாளிச்சனி?"

"அபீன்ரயை. அவளுக்குத் தெரியும். சொல்ல மாட்டாள்."

"ஓம். அவள் சொல்ல மாட்டாள்தான்." ஏன் என்று கேட்கவில்லை.

அதற்குமேல் தாங்கவில்லை, அழுதேன். எல்லாவற்றையும் விட்டு விளக்குக் கொளுத்தியதைத்தான் முதலில் சொன்னேன். இரண்டு நாள், துடக்கோடு, அலாரம் அடித்ததும்கூட. அம்மாவின் வாயோரம் அசைந்தது. பிள்ளையாருக்கு ஆயிரம் வேலை இருக்கிறது, அதைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார் என்றார். பிறகு மேடை பற்றிச் சொன்னேன். குதிரை வண்டியில் மிச்ச இடம் பற்றி. ஒரே மூச்சில், கெட்ட பிள்ளை மாதிரி. அம்மா காரை ஓரம் கட்டினார். சிக்னல் டக் டக் என்று அடித்துக்கொண்டே இருந்தது.

"பெரியம்மான்ர படம் பாத்திருக்கிறாய்தானே. விளிம்பில ஒரு தோள்."

"தோழிப் பிள்ளை."

"அது நான்."

இடம்பெயர்ந்து ஆரோ ஒருவர் வீட்டு விறாந்தையில் இருந்த காலமாம். பெரியம்மாவுக்குச் செய்ய நாள் வைத்தபோது அம்மாவும் ஆகி ஒரு மாதம். ஒரே ஐயர், ஒரே பந்தல், இரண்டையும் இருத்தி முடிப்போம் என்று பெரியவர்கள் தீர்மானித்தார்கள். படம் பிடிக்க வந்தவரிடம் மிச்சம் இருந்தது இரண்டு மூன்று படம்தான். மூத்த பிள்ளையை நடுவில் வைத்துப் பிடித்தார்.

அந்தப் படத்துக்குக் கீழே இருந்துதான் நான் எத்தனை தரம் ரீவி பார்த்திருக்கிறேன்.

"உங்களுக்குக் கோபம் வரேல்லையோ அம்மா?"

"இப்பவும் வருது." கண்ணாடியைப் பார்த்துக் காரைத் திரும்ப ரோட்டில் ஏற்றினார். "செப்ரெம்பர் ஆறு முடியட்டும். ஏழாம் தேதி நீ பெரிசாகு."

ஊருக்குள் ஒரே ஒரு கடை. மூன்றாவது வரிசை. அம்மா அந்தத் தட்டின் முன்னால் நின்று ஒவ்வொரு பக்கற்றாக எடுத்துப் பின்பக்கத்தை வாசித்தார், மருந்து வாங்குவது போல. எனக்கென்று இரண்டு பக்கற். புதிது. முதல் ஆளாக நான் பிரிக்கப்போவது. பணம் கொடுக்கும் இடத்தில் ஒரு பெண், எங்கள் பள்ளிக்கூடத்துப் பெரிய வகுப்புப் பிள்ளை வயது. பக்கற்றைத் தேய்த்தாள், பீப், பை வேண்டுமா என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள்.

திரும்பி வந்து காரால் இறங்கும்போதுதான் தெரிந்தது, பச்சை மிளகாய் வாங்கவில்லை.

"மிளகாய்க்குப் போய் ரெண்டு மணித்தியாலம். எங்கை மிளகாய்?" பெரியம்மா.

"முடிஞ்சுதாம் அக்கா."

"பின்னை உந்தப் பைக்குள்ள என்ன?"

"பாண்," என்றார் அம்மா. பையை மார்போடு பிடித்துக்கொண்டு கூடாரத்துக்குள் போய்விட்டார். நாங்கள் கொண்டுவந்த பாண் நான்கு இறாத்தல் ஏற்கெனவே மேசையில் கிடந்தது. பெரியம்மா அதைப் பார்த்தார், கூடாரத்தைப் பார்த்தார். அபி உடனே, "அம்மா, குதிரை வெள்ளையா, பிரவுண் இருக்கா?" என்று கேட்டாள். பெரியம்மா குதிரைக்குத் திரும்பிவிட்டார்.


ஆகஸ்ட் 15, வெள்ளி

காற்று. ஏரியில் சின்னச் சின்ன அலை. நாளை காலை வீடு.

வோல்டர் கொட்டில் கதவில் தாள் ஒட்டினார். கடை வரும், மே மாதத்தில் இருந்து. கீழே, சனம் கேட்ட சாமான்கள். ஐஸ், பால், பாண், உப்பு. இஞ்சி இருக்கிறது. பெரியம்மா அதைக் காட்டிக் காட்டி அப்பாவை வென்றார். நான் கடைசி வரை வாசித்தேன். என் சொல்லும் இருந்தது. எத்தனை பேர் எழுதினார்கள் என்று போடவில்லை. டொனா பக்கத்தில் நின்றார். அந்த வரியில் விரலை வைத்து, இப்போதாவது வந்ததே என்று முணுமுணுத்தார். யாருக்குச் சொன்னாரோ.

மத்தியானம் படகுத் துறை. அபி வந்தாள். பாண் இல்லை என்று அவளுக்கு நேற்றே தெரியும்.

"சித்தி அம்மாட்டைச் சொல்லப் போறாவா?"

"இல்லை. ஏழாம் தேதி வரைக்கும் இல்லை."

பெருமூச்சு விட்டாள். காலைத் தண்ணீருக்குள் விட்டாள். இரண்டாவது விதியை நான் மீறியதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் யோசித்திருக்க வேண்டும்.

"ஏழுக்குப் பிறகு?"

"எனக்குத் தனியச் செய்வினம்."

"தனியவா? ஃபுல்லா?"

"ஓம்."

"அப்ப என்ர?"

"உன்ரதுதான் முடிஞ்சிருக்குமே."

தன்னுடையது முடிந்த பிறகு இன்னொருத்திக்கு ஒன்று இருக்கும் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. நான் கதைத்துக்கொண்டே இருக்கும் மேடை ஒன்றை அவள் மனத்தில் கட்டிப் பார்ப்பது தெரிந்தது. பிறகு கேட்டாள்: "நான் தட்டுத் தூக்கோணுமா?"

"ஓம்."

"எந்தத் தட்டு?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னேன்.

அவள் முகம் போன போக்கு. அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். வருடக்கணக்காக என் பல் துலக்கும் கண்ணாடியில் பார்த்தது. அவளில் அது அவ்வளவு வடிவாக இல்லை.

அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. ஆனால் விளக்கை அவள்தான் கொளுத்தினாள்.

இன்னும் இருபத்துமூன்று நாள். அவள் வாய், அம்மாவின் வாய், என் வாய். பெரியம்மா பாணை இரண்டு தரம் எண்ணியதைக் கண்டேன். வாழைப்பழத் தட்டைத் தூக்கிக்கொண்டு சிரிக்கப் பழக வேண்டும்.

கீழ்த்தட்டில் கட்டில் கிறீச்சிடுகிறது. நித்திரை என்று நினைத்தேன், இல்லை. மெல்லிய குரல்.

"ஜனா. உதில என்ர பேர் இருக்கா?"

ஓம் என்றேன்.

"எத்தினை தரம்?"

முதல் பக்கத்துக்குப் போய் எண்ணத் தொடங்கினேன். முதல் பக்கத்திலேயே ஒரு கை விரல்கள் முடிந்துவிட்டன.